மறைத்தல் பொய்யாகுமா?

பஞ்சசீலத்துள் நான்காவது பொய்யுரையாமை. பௌர்ணமிதோறும் நாம் ஒருங்கிருந்து வாய்விட்டு ஏற்கும் சீலம் அது. அதனை ஏற்ற நாவினாலேயே அன்றிரவு ஒரு பெண் பொய் சொல்ல நேர்கிறது. "என்னக்கா, தினமும் ராத்திரி ஒரு மாத்திரை போடுறீங்களே, எதுக்கு?" என்று அடுத்த வீட்டுப் பெண் கேட்கிறாள். "அது சத்து மாத்திரைம்மா" என்று இவள் விடை தருகிறாள். அது சத்து மாத்திரையன்று. உடலிற் புகுந்த எச்.ஐ.வி. கிருமியைப் பெருகவொட்டாமல் தடுக்கும் கூட்டு மருந்து. இவளுக்கு அக்கிருமி வந்தது கணவன் வழியாக. கணவன் இறந்துபோனான், மஞ்சட்காமாலையால் இறந்தான் என்பது ஊரார் அறிந்த செய்தி. இவள் பிழைத்திருக்கிறாள், உழைக்கிறாள், பிள்ளையைப் படிக்கவைக்கிறாள், பொய்யும் சொல்கிறாள்.

இவள் ஒருத்தி அல்லள். எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான கிருமியோடு வாழ்வோர் இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் என்பது 2023-ஆம் ஆண்டின் அரசு மதிப்பீடு. அவருள் எத்தனையோ பேர் இத்தகைய சிறு பொய்யொன்றைத் துணைக்கொண்டே நாளைக் கழிக்கின்றனர். அவர்கள் சீலம் கெட்டவர்களா? விஹாரத்தில் வந்தமர்ந்து அச்சீலத்தை மீண்டும் மீண்டும் ஏற்பது அவர்களிடத்துப் போலித்தனமா? இவ்வினாவுக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே ஒருத்தி நம்மோடு வந்து அமர்வதும், வராமலே நின்றுவிடுவதும் இருத்தலின், விடையை எண்ணிப் பார்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்தரத்தில் வைத்து ஆராய்வதிற் பயனில்லை. ஒரு நிலத்தில் வைத்துப் பார்ப்போம். பாலக்காடும் இடுக்கியும் கேரளத்து மாவட்டங்கள். ஆயினும் அவற்றின் கிழக்கோரத்தில் நாம் கேட்கும் மொழி தமிழே. சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடியானவரும், தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டத்தாரும், உடும்பன்சோலை ஏலத்தோட்டத்தாரும் 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது அப்பக்கம் நின்றுவிட்டவர்கள். எல்லை கோட்டளவில் உண்டு, உறவளவில் இல்லை. பெண் கொடுப்பதும் கொள்வதும், கூலிக்குப் போவதும், சந்தைக்கு வருவதும் இருபுறமும் நடக்கின்றன.

நோயும் அவ்வாறே வந்தது. வாளையாறு சோதனைச் சாவடியை அறியாத லாரிக்காரர் தென்னாட்டில் இருந்திருக்க மாட்டார். 2017-ஆம் ஆண்டு ஜூலையில் சரக்கு சேவை வரி வரும்வரையில், வரிச்சீட்டுச் சோதனைக்காக லாரிகள் அங்கே மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் வரிசையாகக் காத்துக் கிடந்தன. வீட்டை விட்டு வாரக்கணக்காகிவிட்ட ஆடவர், கையிற் கொஞ்சம் காசு, செய்வதற்கு ஒன்றுமில்லாத இரவு: நெடுஞ்சாலை ஓட்டுநரிடையே தடுப்புப் பணி செய்தவர்கள் இத்தகைய இடங்களையே தேடிச் சென்றனர். அதனால் 'லாரிக்காரன் வியாதி' என்றொரு பெயர் கட்டிவிட்டார்கள். அப்பெயர் கட்டினவர்களுள் எவரும் அந்த ஓட்டுநனைத் தூங்கவிடாமல் வண்டி ஓட்டச் சொன்ன முதலாளியைப் பற்றிப் பேசியதில்லை. ஓட்டுநன் மனைவியைப் பற்றியும் பேசியதில்லை. அவள் தாலி கட்டிக்கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்தவளல்லள்.

கேரளத்தில் இந்நோய் நாட்டின் சராசரியைவிடக் குறைவு. அது ஆட்சியாளர்க்கு நற்செய்தி. நோயாளிக்கு அவ்வளவு நற்செய்தியன்று. பலருக்கு வந்த துன்பத்தில் ஒருவர்க்கொருவர் துணையுண்டு. சிலருக்கே வந்த துன்பத்தில் துணையில்லை. தெருவில் தான் ஒருத்தியே இப்படி என்று அவள் நம்புகிறாள்.

மலைத்தோட்டத்து லயத்தைக் கண்டிராத அன்பர்களுக்குச் சொல்லுகிறோம். வெள்ளையர் காலத்தில் கூலிகளுக்கென்று கட்டிய நீண்ட வரிசை வீடுகள் அவை. ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே ஒரே சுவர். இங்கே இருமினால் அங்கே கேட்கும். தண்ணீர்க் குழாய் பொது, வாசல் பொது. அங்கே மாத்திரைப் புட்டியைக் குலுக்கினாலும் ஒலி போகும். ஆதலின் புட்டியிலிருந்து மாத்திரைகளை எடுத்துத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைப்பார்கள். கம்பம், போடிப் பக்கத்திலிருந்து விடியுமுன்பே ஜீப்பேறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலக்காட்டுக்குச் சென்று மாலையில் மீளும் பெண்களின் நிலை வேறொரு வகையில் கடினம். மருந்து வாங்கும் நாளில் கூலி போயிற்று. கூலி போனதோடு முடிவதில்லை. நேற்று ஏன் வரவில்லை என்று கங்காணி கேட்பார், ஜீப்பில் பக்கத்தில் அமர்ந்தவள் கேட்பாள். அதற்கொரு விடை வேண்டும். சென்ற மாதம் சொன்ன விடை இம்மாதத்துக்கு ஆகாது.

தம் ஊர் மருத்துவமனையை விட்டு எவரும் தம்மை அறியாத ஊருக்குச் சென்று மருந்து வாங்குவது இந்நோயாளரிடையே நாடெங்கும் காணும் வழக்கம். எல்லையோரத்தார்க்கு மாநில எல்லையே அதற்கு ஒரு திரையாகிறது. பாலக்காட்டு மாவட்ட மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சுவோர்க்குக் கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குமுளியிலிருந்து கோட்டயத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைப்பாதை, இறங்கினால் தேனி மருத்துவக் கல்லூரி. இக்கூடங்களின் பெயர்களையும் கவனியுங்கள். தமிழகத்தில் இரத்தம் சோதிக்குமிடத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். கேரளத்தில் அதற்கு 'ஜோதிஸ்'. மருந்து தருமிடத்துக்கு 'உஷஸ்', அதாவது விடியற்பொழுது. நோயின் பெயர் பலகையில் முன்னிற்பதில்லை. அரசாங்கமே மறைத்துப் பேசுகிறது. அது நல்லெண்ணத்தாலே செய்தது; நாம் குறை கூறவில்லை. ஆனால் ஓர் அரசாங்கமே பெயரை மாற்றி வைத்துத்தான் குடிகளை வாசலுக்கு அழைக்க முடிகிறதென்றால், தனியொருத்தி பெயரை மாற்றிச் சொல்வதில் வியப்பென்ன?

மறைப்பினால் மனத்துக்கு நேர்வது யாது என்பதை நோயில்லாதவர் எளிதில் அறியார். பொய் ஒருமுறை சொல்லி முடிவதன்று. காத்துக்கொண்டே இருக்க வேண்டும். யாரிடம் எதைச் சொன்னோம் என்று நினைவில் வைக்க வேண்டும். உறவினர் வந்து இரண்டு நாள் தங்கினால் மாத்திரை வேளை தவறும். அவர்கள் உறங்கும்வரை காத்திருந்து தானும் உறங்கிப் போய்விடுவாள். திருமண வீட்டுக்குப் போனால் மாத்திரை எடுத்துப் போக அச்சம். வேளை தவறத் தவறக் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. ஆகவே நோய் கொல்லாதவளை மறைப்பு கொல்லக்கூடும். இது மனக்கலக்கம் என்று சொல்லி விட்டுவிடத்தக்க சிறு பொருளன்று.

மருந்தே மறைப்பைக் கெடுத்த காலமும் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி இந்திய அரசு இம்மருந்தை இலவசமாகத் தந்தது; அதற்கு முன் காசுள்ளவர் பிழைத்தார், இல்லாதவர் தாம்பரம் மருத்துவமனை போன்ற இடங்களில் இறந்தார். அந்த முதற்காலத்து மருந்துகளுள் ஸ்டாவுடின் என்பதொன்று. உயிரைக் காத்தது, ஆனால் நாளடைவில் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தை ஒட்ட வைத்துவிடும். அந்த முகத்தைக் கண்டே ஊரார் அடையாளம் சொல்லத் தலைப்பட்டனர். பின்னர் வந்த எஃபாவிரென்ஸ் சேர்ந்த மாத்திரை முகத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலைசுற்றலும் அலைக்கழிக்கும் கனவுகளும் தந்தது. இப்போது பெரும்பாலோர் உண்பது டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை. தவறாமல் உண்டு, இரத்தத்திற் கிருமி சோதனைக்குத் தென்படாத அளவு அடங்கியவரிடமிருந்து உடலுறவினாற்கூட நோய் பரவுவதில்லை என்பது பல நாடுகளில் ஆண்டுக்கணக்காக நடந்த ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. உடன் உண்பதாலும், ஒரு குவளையில் நீர் பருகுவதாலும், தொடுவதாலும் பரவாது என்பதோ 1980-களிலேயே தெரிந்த செய்தி.

அங்ஙனமாயின், அஞ்சத் தக்கது குறைந்தபின்னும் மறைப்பு ஏன் குறையவில்லை? உண்மை வெளிப்பட்டவர்க்கு நம் நாடு செய்ததை நோக்கினால் விளங்கும்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதல் இக்கிருமியைக் கண்டறிந்தனர். காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த விலைமகளிரின் இரத்தத்தைச் சோதித்ததில் ஆறு பேரிடத்துக் கிருமி காணப்பட்டது. அறிஞர் இருவரும் செய்தது பெருந்தொண்டு. ஆனால் நாட்டார் அதிலிருந்து கற்றது, இது 'அப்படிப்பட்ட பெண்களின்' நோய் என்பதே. அந்த ஒரு சொல் இன்றும் லயத்துச் சுவரைத் தாண்டிக் கேட்கிறது; கணவனைத் தவிர வேறொருவரை அறியாதவளும் அச்சொல்லுக்கே அஞ்சுகிறாள்.

1989-இல் கோவாவில் டொமினிக் டிசூசா என்னும் இளைஞர் காவலரால் கொண்டுபோகப்பட்டு, பழைய காசநோய் விடுதியொன்றில் 64 நாள் தனியே அடைக்கப்பட்டார். அவர் செய்த குற்றம் யாது? இரத்த தானம் செய்துவந்தார். அவ்விரத்தத்தைச் சோதித்தபோது கிருமி தென்பட்டது. அவ்வளவே. மாநிலச் சட்டம் அடைக்கச் சொன்னது, அடைத்தார்கள். தாயார் நீதிமன்றம் ஏறினார். மகன் வெளியே வந்து, தம்மைப் போன்றாருக்காகப் பாசிட்டிவ் பீப்பிள் என்னும் அமைப்பைத் தொடங்கி, 1992-இல் இறந்தார்.

இன்னொன்று நம் சென்னையிலேயே நடந்தது. நாகாலாந்து அரசு மருத்துவர் ஒருவர் நோயாளியொருவர்க்குத் துணையாக இங்கு வந்தவர், இரத்தம் கொடுக்க நேர்ந்தது. கிருமி இருப்பது தெரிந்தது, செய்தி மருத்துவமனையிலிருந்து வெளியேறிற்று, 1995 டிசம்பரில் நடக்கவிருந்த திருமணம் நின்றது, ஊரார் ஒதுக்கினர். அவர் தம் ஊரைவிட்டுச் சென்னைக்கே வந்து, தம்மை அறியாதாரிடையே வாழத் தொடங்கினார். 'எக்ஸ்' என்ற ஓரெழுத்தால் மட்டுமே குறிக்கப்பட்டு அவர் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. மணமகளாகவிருந்தவள் அறிய உரிமையுடையவள், ஆதலால் மருத்துவமனைமீது குறையில்லை என்று 1998-இல் தீர்ப்பாயிற்று. அத்தோடு நில்லாமல், இத்தகையோரின் மணவுரிமையே நிறுத்திவைக்கப்பட்டதென்றும் நீதிபதிகள் எழுதினர். அப்பகுதி 2002-இல் நீக்கப்பட்டது.

இவ்விருவரும் இரத்தம் ஈந்தவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. தானம் என்று நாம் முதலிற் போற்றும் செயலைச் செய்யும்போதே பிடிபட்டார்கள். 2003-இல் கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில் பெற்றோரை இந்நோய்க்குப் பறிகொடுத்த இரு குழந்தைகளைப் பள்ளியிற் சேர்க்கவொண்ணாதென்று மற்றைப் பிள்ளைகளின் பெற்றோர் எதிர்த்தனர். மத்திய சுகாதார அமைச்சராயிருந்த சுஷ்மா சுவராஜ் அக்குழந்தைகளை அணைத்துக்கொண்ட படம் பத்திரிகைகளில் வந்தது. எழுத்தறிவில் தலைநின்ற நாடு அது. எழுத்தறிவு போதாது என்று அன்று தெரிந்தது.

நிற்க. இனிச் சீலத்துக்கு வருவோம்.

பகவன் புத்தர் இச்சீலத்தைத் தளர்த்தியவரல்லர். அம்பலட்டிகத்தில் தம் மைந்தன் இராகுலனுக்கு, கலத்தின் அடியில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டி, விளையாட்டுக்கும் பொய் சொல்லற்க என்று போதித்தார். உரையாசிரியரும் பொய்க்கு நான்கு உறுப்புச் சொன்னார்கள்: சொன்ன பொருள் உண்மையல்லாமை, ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, கேட்டவர் அதை விளங்கிக்கொள்ளல். 'சத்து மாத்திரை' என்னும் விடையில் நான்கும் இருக்கின்றன. ஆதலின் சொல்லைத் திரித்து அது பொய்யன்று என்று வாதிப்பது நமக்கு அழகன்று. பொய்தான்.

ஆனால் இரண்டு செய்திகளை இதனோடு வைத்து எண்ண வேண்டும். மெய்யாயினும் பயனற்றதைத் தாம் உரைப்பதில்லையென்றும், மெய்யும் பயனுமுடையதையும் காலமறிந்தே உரைப்பதென்றும் அபயகுமாரனிடம் பெருமான் கூறினார். உண்மையெல்லாம் எல்லாரிடத்தும் கொட்டிவிட வேண்டியதென்று அவர் எங்கும் சொல்லவில்லை. சொல்லாதிருத்தல் வேறு, பொய் சொல்லுதல் வேறு. வாய்மை இன்னதென்று வரையறுக்க வந்த வள்ளுவரும், பிறர்க்குத் தீங்கு விளையாமையை அன்றோ முதலிற் கூறினார்?

அங்ஙனமாயின் அவள் பேசாதிருந்தால் என்ன என்று கேட்பீர். பேசாதிருக்க முடியாது என்பதே இவ்விஷயத்தின் கடினம். பெரிய நகரத்தில் 'அது உங்களுக்கு எதற்கு?' என்று சொல்லிவிட்டுப் போகலாம். லயத்தில் அப்படிச் சொன்னால் அதுவே விடையாகிவிடும். மறுநாள் குழாயடியில் அதைப்பற்றியே பேச்சு. மௌனத்துக்கு இடமில்லாத இடத்தில் கேள்வி கேட்பவன், எதிரிலிருப்பவள் கையிலிருந்த நல்ல வழியைப் பறித்துக்கொண்டு, மெய் சொல்லிக் கெடுவதையும் பொய் சொல்லிப் பிழைப்பதையும் மட்டுமே அவளுக்கு விட்டுவைக்கிறான். பொய் பிறந்தது அவள் நாவிலானாலும், அதைப் பிறப்பித்தவர் இருவர். நான்காம் சீலம் கேட்பவனையும் கட்டும் என்பது நம் கருத்து. மெய்யைச் சொன்னவரை வாட்டும் ஊரார், பொய் சொல்லாதே என்று அறம் பேசுவது எப்படிப் பொருந்தும்?

இதை நமக்குப் பிறர் விளக்க வேண்டியதில்லை. வாடகைக்கு வீடு தேடி நகரத் தெருக்களில் அலைந்த நம்மவர் எத்தனை பேர் 'நீங்கள் என்ன ஆட்கள்?' என்ற வினாவுக்கு நின்றிருக்கிறார்கள்! தகப்பனார் பெயரைப் பாதி சொல்லி, ஊர்ப்பெயரைச் சேரிப்பெயர் வராமற் சொல்லி, பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லக் கற்பித்து வாழ்ந்தோர் நம்மிடையே இருக்கின்றனர். புத்தம் சரணம் புகுந்தபின் 'நாங்கள் பௌத்தர்' என்று தலை நிமிர்ந்து சொன்னபோது, 'அது சரி, அதற்கு முன்?' என்று மேலும் துருவினவர்களையும் கண்டோம். அவ்வினாவில் அறியும் ஆசை இல்லை. ஒதுக்கும் ஆசையே இருந்தது. அவ்வேளையில் பெயரை மறைத்த நம் தாய்தந்தையரை நாம் பொய்யர் என்று கருதுகிறோமா? இரண்டும் முற்றும் ஒன்றல்ல என்பதை அறிவோம். பிறப்பால் வந்த பெயரில் எவர்க்கும் தீங்கில்லை, கிருமியால் தீங்குண்டு. ஆனால் அத்தீங்கு எவர்க்கு உண்டோ அவருக்கே உண்மை கடன்; தெருவார்க்கன்று.

அவர் யார்? கணவன், மனைவி, மணக்கவிருப்பவர். இங்கே நாம் சிறிதும் நெகிழ்ந்து கொடுக்க மாட்டோம். தனக்குக் கிருமி உண்டென்று அறிந்தும் மறைத்துப் பெண்ணெடுப்பவன் சொல்வது சத்து மாத்திரைப் பொய்யன்று, கொடுமை. மகனுக்கு நோய் என்றறிந்தே கலியாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று பெண் தேடும் பெற்றோரும், அவன் இறந்தபின் 'இவள் வந்த ராசி' என்று மருமகளை வெளியேற்றும் பெற்றோரும் பெரும்பாலும் ஒருவரே. நாகாலாந்து மருத்துவர் வழக்கில், மணமகள் அறிய வேண்டும் என்றதுவரையில் நீதிமன்றம் சொன்னது முறை. மணமகள் அறிய வேண்டியதை ஊரே அறிந்தது முறையன்று. இவ்வேற்றுமையைத்தான் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, எழுத்தில் வைத்தது: நோயாளியின் இசைவின்றி எவரும் வெளியிடலாகாது; துணைவர்க்குத் தெரிவித்தல் வேண்டும்; தெரிவித்தால் அடியுதை விழும் என்ற அச்சமுள்ள பெண்ணுக்கு அதிலும் விலக்குண்டு. அந்த விலக்கைச் சேர்த்தவர் யாராயினும் வீட்டுக்குள் நடப்பதை அறிந்தவர்.

சுனிதி சாலமன் அவர்கள் 1993-இல் தொடங்கிய நிலையத்தில், பிற்காலத்தில் கிருமியுள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரன் பார்த்துக் கொடுத்தார்கள். சாதகத்துக்குப் பதில் இரத்த அணுக்களின் கணக்கைப் பார்த்துச் செய்த பொருத்தம் என்று சிலர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. எப்படியாயினும், முதற்பேச்சிலேயே உண்மை சொல்லப்பட்ட கலியாணங்கள் அவை. நம் ஊரில் அதிகம் இல்லாத வகை.

கர்மவினை என்று பேசுவோர்க்கும் ஒரு சொல். முற்பிறப்பிற் செய்த பாவம் இப்படி வந்தது என்று நோயாளி எதிரிலேயே சொல்லும் உறவினர் உண்டு. நம்முள்ளும் இருக்கலாம், பழைய வழக்கம் ஒரே நாளில் போவதில்லை. மனிதர் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினையின் பயனே என்பார் கூற்றுச் சரியோ என்று சீவகன் என்னும் பரிவிராசகன் கேட்டபோது, பெருமான் அதனை ஒப்பவில்லை. பித்தம், கபம், வாயு, பருவமாற்றம், நேர்ந்த விபத்து என்று கண்கூடான காரணங்களை அடுக்கி, வினைப்பயனை அவற்றுள் ஒன்றாக மட்டுமே வைத்தார். கிருமிக்குக் காரணம் கிருமியே. நோயுற்ற பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே கிடக்கக் கண்டு, ஆனந்தரோடு சேர்ந்து தாமே நீர் ஊற்றிக் கழுவியபோது, இவன் முன்பிறப்பில் என்ன செய்தான் என்று அவர் வினவியதாக வினயத்தில் இல்லை. உன்னைப் பார்ப்பார் ஒருவருமில்லையா என்றே வினவினார்.

சிலர் வெளிப்படையாகவே வாழ்கின்றனர். நாமக்கல் பக்கத்துக் கௌசல்யா அம்மையார், கணவனிடமிருந்து கிருமியைப் பெற்றவர், பெயரும் முகமும் மறையாமல் பேசி, 1998-இல் வேறு சில பெண்களுடன் சேர்ந்து சென்னையில் இந்நோயுள்ள பெண்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார். அவர்களைப் போன்றோர் முன்வந்திராவிட்டால் சட்டமும் வந்திராது, இலவச மருந்தும் இத்தனை விரைவில் வந்திராது. ஆயினும் அவரைக் காட்டி, நீயும் அப்படிச் சொல் என்று மலைத்தோட்டத்துப் பெண்ணை நெருக்குவது அறியாமை. வீரம் அவரவர் எடுத்துக்கொள்வது, பிறர் சுமத்துவதன்று. அவளுக்கு நாளை வேலை வேண்டும், அந்த லயத்திலேயே இருக்க வேண்டும்.

ஆகவே நம் விடை இது. அப்பெண் வரட்டும், அமரட்டும், ஐந்து சீலங்களையும் ஏற்கட்டும். இவை பயிலுவதற்காக ஏற்கும் விதிகள். தவறினவர் மறுபடி ஏற்பதற்கென்றே பௌர்ணமிதோறும் ஓதப்படுகின்றன. அவள் தன் நோயை நம்மிடம் சொல்லித்தான் அமர வேண்டும் என்பதில்லை. இராத்தங்கலுள்ள கூட்டங்களில் ஒருவர் எழுந்து தண்ணீர்ப் பானையண்டை சென்றால் எதற்கென்று கேளாதிருத்தலை நம் சங்கத்தார் வழக்கமாக்கிக்கொள்ளலாம். நோய்ப்பட்டவர் வீட்டுச் சாவுக்கு நாம் முன்னின்று தோள் கொடுப்பதும், அவ்வீட்டில் உண்பதும், எவரும் சொல்லாமலே ஊரார்க்குத் தெரியும்.

ஒன்று மட்டும் இன்னும் தீராமல் நிற்கிறது. இதுகாறும் நாம் சொன்னதெல்லாம் கேட்க உரிமையில்லாதவரின் கேள்வியைப் பற்றியது. கேட்க முழு உரிமையுடைய ஒருவன் அவ்வீட்டிலேயே இருக்கக்கூடும். கருவிலேயே கிருமியைப் பெற்ற பிள்ளை. இப்போது பத்துப் பன்னிரண்டு வயது. தானும் நாள்தோறும் மாத்திரை உண்கிறான். "இது எதுக்கும்மா? அண்ணனுக்கு ஏன் இல்ல?" என்று அவன் கேட்கிறான். இது அவனுடைய உடல். இங்கே சத்து மாத்திரை என்னும் விடை செல்லாது. வளர்ந்தபின் தானே அறிந்துகொண்டால் மருந்தையும் வெறுப்பான், தாயையும் வெறுப்பான். வயதுக்கேற்பச் சிறிது சிறிதாகச் சொல்லுங்கள் என்று மையங்களில் ஆலோசகர்கள் அறிவுறுத்துகிறார்கள்: முதலில் உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது, அதை உறங்க வைக்க மாத்திரை, பெயர் பின்னால். தாய்க்கும் சொல்ல விருப்பமே. அவன் அதைப் பள்ளியில் நண்பனிடம் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதே அவளுக்குத் தெரியவில்லை.